அமில டைட்ரேஷன் கணக்கு உதைக்கிறதா? எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி

எடுத்துக்காட்டுக்கு வினிகரை வைத்துக்கொள்வோம். 10 மி.லி. வினிகரை 100 மி.லி. குடுவையில் நீர்த்து, அதிலிருந்து 10 மி.லி. எடுத்து, பினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிலைகாட்டி) விட்டு, 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 மோல்) காஸ்டிக் சோடாவால் டைட்ரேட் செய்கிறோம், அதாவது நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவானது என்று பார்க்கிறோம். 4 சதவீத வினிகருக்கு 6.66 மி.லி. செலவாக வேண்டும். பியூரெட் (அளவுக் கோடு போட்ட, திருகுள்ள கண்ணாடிக் குழாய்) ரீடிங்கை 0.6005ஆல் பெருக்கினால் அமிலச் சதவீதம். 0.1 மி.லி. பிசகினால் முடிவு அதன் மதிப்பில் 1.5 சதம் ஆடும். லேபில் பெரும்பாலான சண்டைகள் இந்த 0.1 மி.லி.க்குள்தான் நடக்கின்றன.

முடிவு தப்பாக வந்ததும் பலரும் முதலில் பி.எச். மீட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். வினிகரைப் பொறுத்தவரை அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய கருவி. காரணம் ஐந்தாவது அறிகுறியில் வருகிறது.

## எதையும் கழற்றுவதற்கு முன்: ஒரு பிப்பெட், மூன்று பிப்பெட் சோதனை

நீர்த்த சாம்பிளில் ஒரே 10 மி.லி. பிப்பெட்டால் (குறித்த அளவை உறிஞ்சி இறக்கும் கண்ணாடிக் குழாய்) ஒரு கூம்புக் குடுவையில் ஒரு முறையும், இன்னொன்றில் மூன்று முறையும் விடுங்கள். முதல் குடுவையில் 50 மி.லி., இரண்டாவதில் 30 மி.லி. தண்ணீர் சேர்த்து இரண்டிலும் மொத்தம் 60 மி.லி. ஆக்குங்கள். இரண்டிலும் அதே இரண்டு சொட்டு பினாப்தலீன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை டைட்ரேட் செய்து சராசரி எடுங்கள்.

சரியாக இருந்தால் 6.66, 19.98 என்று வரும்.

6.76, 20.08 என்று வந்தால் இரண்டிலும் அதே 0.10 கூடியிருக்கிறது. இது நிலையான பிழை. இரண்டாம் அறிகுறிக்குப் போங்கள்.

6.73, 20.18 என்று வந்தால் இரண்டும் 1 சதம் கூடியிருக்கின்றன. இது விகிதப் பிழை. முதல் அறிகுறி.

ஒரே குடுவையைத் திரும்பச் செய்யும்போதே ரீடிங் 0.1க்கு மேல் அங்குமிங்கும் போனால், இந்தச் சோதனையே செல்லாது. மூன்றாம் அறிகுறியைத் தீர்த்துவிட்டு மறுபடி வாருங்கள்.

மூன்று மடங்கு எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பிப்பெட்டில் 6.73க்கும் 6.76க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மூன்றில் 20.08க்கும் 20.18க்கும் ஒரு முழுக் கோடு இடைவெளி கிடைத்துவிடும்.

## அறிகுறி 1: எல்லா முடிவும் ஒரே சதவீதம் கூடுகிறது அல்லது குறைகிறது

முதல் சந்தேகம்: பாட்டிலில் எழுதியிருக்கும் நார்மாலிட்டி (காஸ்டிக்கின் பலம்) பழசு. செலவே இல்லாத சோதனை. பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். காஸ்டிக் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொண்டே இருக்கும். லேபிளில் 0.1000 என்றிருந்து, உள்ளே 0.0990தான் இருந்தால், அமில முடிவு 1 சதம் கூடுதலாக வரும்.

பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 முதல் 120°செ. வரை 2 மணி நேரம் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவிட்டு, 0.51 கிராம் அளவில் நாலு தசமத்துக்கு எடை போடுங்கள். 0.5105 கிராமுக்கு 0.1 நார்மல் காஸ்டிக் சரியாக 25.00 மி.லி. செலவாக வேண்டும். மூன்று தடவை செய்து, மூன்றும் 0.2 சதத்துக்குள் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணைப் பாட்டிலில் தேதியோடு எழுதலாம். ஆம்பூலை (அளந்து அடைத்த காஸ்டிக்) உடைத்து ஊற்றி 1 லிட்டர் ஆக்கியது என்பதால் 0.1000 என்று நம்பிவிட வேண்டாம். ஆம்பூல் சரியாக இருந்தாலும், நீங்கள் நிரப்பிய குடுவையும் அதன்பின் கடந்த நாட்களும் அந்த எண்ணில் கலந்துவிடுகின்றன.

காயவைக்காத தாலேட்டில் ஈரமும் எடையில் சேரும். நார்மாலிட்டி கூடுதலாகக் கணக்காகும்; சாம்பிள் முடிவும் கூடும்.

பிப்பெட். 27°செ. தண்ணீரை 10 மி.லி. பிப்பெட்டிலிருந்து மூடியுள்ள சிறு குடுவையில் இறக்கி எடை போடுங்கள். 9.955 கிராம் வர வேண்டும். கிளாஸ் ஏ (அதிகத் துல்லிய வகை; பி அதற்கு அடுத்தது) பிப்பெட்டுக்கு ±0.02 மி.லி. அனுமதி, அதாவது 9.935 முதல் 9.975 வரை சரி. தண்ணீர் 30°செ. இருந்தால் எதிர்பார்க்கும் எடை 9.946.

9.90 கிராம் வந்தால் 0.05 மி.லி.க்கு மேல் குறைகிறது என்று பொருள். பிப்பெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்சுவரில் முத்து முத்தாக நீர் ஒட்டியிருந்தால் எண்ணெய்ப் பசை. சோப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும். நுனி உடைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். எடை கூடுதலாக வந்தால், பெரும்பாலும் கடைசிச் சொட்டை ஊதியிருப்பார்கள். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி.; 10 மி.லி.யில் அது 0.5 சதம். ஊதச் சொல்லும் குறி பொறிக்காத பிப்பெட்டை ஊதவே கூடாது. நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டுவிட்டு எடுங்கள், அதோடு போதும்.

100 மி.லி. குடுவை. காலியாக, உலர்ந்த நிலையில் எடை; பிறகு கோடுவரை நிரப்பி எடை. 27°செ.யில் வித்தியாசம் 99.55 கிராம், ±0.1 வரை சரி. இதில் தவறு கிடைப்பது அபூர்வம்.

பியூரெட் அளவுகோல். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பியூரெட்டைத் தண்ணீரால் நிரப்பி, 0விலிருந்து 10 வரை, மறுபடி நிரப்பி 0விலிருந்து 20 வரை, பிறகு 30, 40, 50 என்று இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்திய பிறகு 30 விநாடி சுவர் வடியவிட்டு ரீடிங் பாருங்கள், எடை போடுங்கள். எடையை 25°செ.யில் 1.0040, 27°செ.யில் 1.0045, 30°செ.யில் 1.0054 ஆல் பெருக்கினால் உண்மையான மி.லி. கிடைக்கும்.

25.00 என்று காட்டியபோது எடை 24.81 கிராம், தண்ணீர் 27°செ. என்று வையுங்கள். 24.81 × 1.0045 = 24.92. பியூரெட் 0.08 மி.லி. குறைவாக இறக்குகிறது. 50 மி.லி. கிளாஸ் ஏ பியூரெட்டுக்கு அனுமதி ±0.05, கிளாஸ் பி என்றால் ±0.1. ஆக, மேலே ஏ என்று பொறித்திருந்தாலும் இது பி தான்.

பியூரெட் குறைவாக இறக்கினால் ரீடிங் பெருக்கும்; சாம்பிள் முடிவு 0.3 சதம் கூடும். ஆனால் காஸ்டிக்கை ஸ்டாண்டர்டைஸ் செய்ததும் (தாலேட்டால் பலம் கண்டதும்) இதே பியூரெட், ஏறத்தாழ இதே அளவு மி.லி. என்றால், நார்மாலிட்டி அதே அளவு குறைவாகக் கணக்காகி, பிழை தானே கழிந்துவிடும். அதனால்தான் ஒரு பழைய பியூரெட்டோடு ஆண்டுக்கணக்காக நல்ல முடிவு தந்த லேப், காஸ்டிக்கை மட்டும் வெளியில் வாங்கத் தொடங்கியதும் திடீரென்று தடுமாறுகிறது. ஸ்டாண்டர்டைசேஷன் 25 மி.லி.யிலும் சாம்பிள் 6 மி.லி.யிலும் நடந்தால் இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது, ஏனென்றால் குழாயின் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு திருத்த அட்டவணை போட்டு பியூரெட் ஸ்டாண்டிலேயே ஒட்டிவிட்டால், புதிது வாங்காமல் ஓட்டலாம்.

தராசு. கடைசியாகப் பாருங்கள். மட்டம் காட்டும் குமிழி நடுவில் இருக்கிறதா, சுவிட்ச் போட்டு அரை மணிக்கு மேல் ஆனதா, ஏ.சி. காற்றோ மின்விசிறியோ நேராக அடிக்கிறதா. ஓவனிலிருந்து எடுத்த பாட்டில் சூடு ஆறாமலிருந்தால் அதைச் சுற்றிக் காற்று மேலெழும்பி எடை குறைவாகக் காட்டும். இதெல்லாம் சரியென்றால் உள்ளமைந்த அட்ஜஸ்ட்மென்டை ஓட்டி, 1 கிராம் எஃப்1 (துல்லிய வகை) எடைக்கல்லை வையுங்கள். அந்தக் கல்லுக்கே 0.1 மி.கி. அனுமதி உண்டு. 100 கிராம் கல்லை மட்டும் வைத்து சரி என்று சொல்லாதீர்கள். நீங்கள் எடைபோடுவது அரை கிராம்தான். மூன்று தசமத் தராசில் 0.51 கிராம் எடைபோட்டால் ±1 மி.கி.யே 0.2 சதம், அதில் ஸ்டாண்டர்டைசேஷன் செய்வது வீண் வேலை.

அட்ஜஸ்ட்மென்டுக்குப் பிறகும் 1 கிராம் கல் 0.5 மி.கி.க்கு மேல் விலகினாலோ, தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வேறு வேறு எண் வந்தாலோ, திறந்து பார்க்காதீர்கள். சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

## அறிகுறி 2: சின்ன சாம்பிளில் பெரிய பிழை, பெரிய சாம்பிளில் சின்னப் பிழை

கருவியின் அளவுகோல் இங்கே குற்றவாளி இல்லை. எங்கோ ஒரு நிலையான மி.லி. கூடவோ குறையவோ செய்கிறது.

முதலில் பிளாங்க். 60 மி.லி. தண்ணீர், இரண்டு சொட்டு பினாப்தலீன், சாம்பிள் வேண்டாம். ஒரு சொட்டுக் காஸ்டிக்கில் இளஞ்சிவப்பு வந்து நிற்க வேண்டும். இரண்டு சொட்டுக்கு மேல் கேட்டால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு. பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலும் தீராவிட்டால் நிலைகாட்டியைப் பாருங்கள்: பினாப்தலீன் கரைத்த ஸ்பிரிட் பழையதானால் அதிலேயே அமிலம் இருக்கும். ஒருவர் இரண்டு சொட்டும் இன்னொருவர் எட்டுச் சொட்டும் விடும் லேபில் இந்தப் பிழை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும்.

பிளாங்க் சுத்தமாக இருந்தால் பியூரெட்டின் கீழ்ப்பகுதி. திருகுக்கும் நுனிக்கும் இடையில் காற்றுக் குமிழி இருந்து, டைட்ரேஷனின் நடுவில் வெளியேறினால், அதன் இடத்தை நிரப்பிய கரைசலும் ரீடிங்கில் சேரும். குமிழி ஒரு மிளகு அளவு என்றாலே 0.1 மி.லி. வரை போகும். நிரப்பியதும் திருகை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டால் குமிழி போய்விடும்.

கசிவுக்கு: பூஜ்யத்தில் நிறுத்தி, நுனியைத் துடைத்து, பத்து நிமிடம் விடுங்கள். ஒரு கோடு இறங்கினாலும் கசிவுதான். டெஃப்லான் திருகு என்றால் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். கண்ணாடித் திருகில் காஸ்டிக் ஊற்றி இரவில் அப்படியே விட்டிருந்தால் அது இறுகிப்போகும். காஸ்டிக்குக்கு டெஃப்லான்தான் தோது.

ரீடிங் நிலையாகக் குறைகிறதா? நிரப்பிய புனலைப் பியூரெட்டின் மேலேயே விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு உள்ளே விழுந்துகொண்டிருக்கும். காசில்லாமல் தீர்க்கக்கூடிய பிழை இதைவிட வேறில்லை.

இந்த அறிகுறிக்கு வெளி ஆள் தேவைப்படுவதே இல்லை.

## அறிகுறி 3: ஒரே சாம்பிள், மூன்று ரீடிங், மூன்றும் வேறு

மூன்று ரீடிங்குக்கு இடையில் 0.1 மி.லி. தாண்டக் கூடாது, கை பழகியவர்களுக்கு 0.05.

100 மி.லி. குடுவையைக் கோடுவரை நிரப்பிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து எத்தனை முறை கலந்தீர்கள்? இரண்டு முறை ஆட்டினால் போதாது. பத்துப் பதினைந்து முறை கவிழ்க்க வேண்டும். கலக்காத குடுவையில் முதல் பிப்பெட் நீர்த்தும் கடைசிப் பிப்பெட் கெட்டியாகவும் வரும். ரீடிங் வரிசையாக ஏறிக்கொண்டே போனால் இதுதான்.

அடுத்து முடிவுநிலை. இளஞ்சிவப்பு 30 விநாடி நிற்க வேண்டும், அதற்கு மேல் மங்கினால் கவலையில்லை, காற்றுதான் மங்கவைக்கிறது. ரத்தச் சிவப்புவரை விடுபவரும் லேசான ரோஜா நிறத்தில் நிறுத்துபவரும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டு சொட்டு வித்தியாசம் உறுதி. குடுவைக்கடியில் வெள்ளைத்தாள் வையுங்கள். கடைசியில் அரைச் சொட்டை நுனியில் தொங்கவிட்டு, குடுவைச் சுவரில் தொட்டு, தண்ணீரால் கழுவி இறக்கப் பழகுங்கள்.

கை சரியா, கருவி சரியா என்று பிரிக்க: பிப்பெட்டால் ஐந்து முறை தண்ணீர் இறக்கி எடை போடுங்கள். ஐந்தும் 0.01 கிராமுக்குள் ஒட்டியிருந்தால் பிப்பெட்டும் கையும் நலம். சிதறல் பியூரெட் பக்கம். பியூரெட் சுவரில் நீர்த்துளி ஒட்டினால் கழுவுங்கள்.

## அறிகுறி 4: காலையில் சரி, பிற்பகலில் ஏறிவிடுகிறது

இரண்டே காரணங்கள்.

ஒன்று வெப்பம். 24°செ. ஏ.சி. அறையில் ஸ்டாண்டர்டைஸ் செய்த காஸ்டிக்கை 34°செ. அறையில் பயன்படுத்தினால் கரைசல் விரிந்து ஒவ்வொரு மி.லி.யிலும் 0.3 சதம் காஸ்டிக் குறையும். அமில முடிவு அந்த அளவு கூடும். சாம்பிளும் அதே சூட்டில் இருந்தால் இரண்டும் பெருமளவு கழிந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வினிகரை 5°செ.யிலேயே பிப்பெட் செய்தால்தான் கெட்டது: குளிரில் சுருங்கியதால் 10 மி.லி.யில் கூடுதல் வினிகர் ஏறி, முடிவு இன்னும் 0.35 சதம் மேலே போகும். கண்ணாடியில் 20°செ. என்றோ 27°செ. என்றோ பொறித்திருக்கும், அதைப் பார்த்தே அறை வெப்பத்தையும் எழுதிவையுங்கள்.

இன்னொன்று பாட்டில். வாயில் சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொருள்) குழாய் இல்லாத காஸ்டிக் பாட்டில் நாளுக்கு நாள் பலம் குறையும். இதற்கு நேரெதிரான ஒரு விஷயமும் உண்டு: காலையில் பாட்டிலின் மேல்சுவரில் நீர்த்துளிகள் வியர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் கரைசலிலிருந்து போனது, ஆகவே அடியில் இருப்பது சற்றுக் கெட்டி. முதல் பியூரெட் நிரப்புமுன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள்.

## அறிகுறி 5: பி.எச். மீட்டர் ஒரு முடிவு, பினாப்தலீன் வேறு முடிவு

முதலில் அளவைப் பாருங்கள். வினிகரை பி.எச். 8.2 வரை டைட்ரேட் செய்யும்போது மீட்டர் 0.3 தப்பாகக் காட்டினாலும், பியூரெட்டில் பாதிப்பு 0.01 மி.லி.யைக்கூடத் தொடாது, அந்த இடத்தில் வளைவு செங்குத்து. எலுமிச்சைச் சாற்றில் அப்படியில்லை. சிட்ரிக் அமிலத்தின் மூன்றாவது ஹைட்ரஜன் மெதுவாகத்தான் விடுபடும், அதே 0.3 அங்கே ஏறத்தாழ 0.5 சதப் பிழை. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கோலா பானம், பால் போன்றவற்றில் இன்னும் மோசம். மீட்டர் கூடுதலாகக் காட்டினால் சீக்கிரம் நிறுத்துவீர்கள், முடிவு குறையும்.

ஆகவே வினிகரில் இரண்டுக்கும் 0.1 மி.லி. வித்தியாசம் வந்தால் மீட்டரை விட்டுவிட்டு அறிகுறி 2ஐப் பாருங்கள். மற்ற சாம்பிள்களுக்குக் கீழே உள்ள வரிசை.

பஃபர் (பி.எச். தெரிந்த கரைசல்) தேர்வு. 8.2இல் நிறுத்தப் போகிறீர்கள், மீட்டரை 4க்கும் 7க்கும் மட்டும் செட் செய்திருக்கிறீர்கள். இது மிகப் பரவலான தவறு. 7உம் 9.2உம் வைத்துச் செட் செய்தால் முடிவுநிலை இரண்டுக்கும் நடுவில் விழும். திறந்துவைத்த காரப் பஃபர் காற்றால் இறங்கிவிடும்; அன்றன்று மாத்திரை கரைத்துக்கொள்ளுங்கள், எடுத்ததைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள்.

எலக்ட்ரோடு. மில்லிவோல்ட் காட்டும் நிலைக்கு மாற்றி, 25°செ.யில் 7.00 பஃபரிலும் 4.01 பஃபரிலும் வையுங்கள். 7இல் ±30க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 177 மில்லிவோல்ட். 168க்குக் கீழே இறங்கினால் சுத்தம் செய்யும் நேரம்: 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி, பிறகு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஓரிரு மணி. பால் லேபில் புரதப் படிவு இருந்தால் அமிலத்தோடு பெப்சினும் வேண்டும். சுத்தம் செய்தும் 159ஐத் தாண்டாவிட்டால் புதிது வாங்குங்கள். எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைப்பது அதைக் கொல்லும் நிச்சயமான வழி. டைட்ரேஷனின்போது நிரப்பும் துளையின் ரப்பரைத் திறந்துவைக்க மறக்காதீர்கள்.

மீட்டர். எலக்ட்ரோடைக் கழற்றி, மீட்டரின் சாக்கெட்டில் நடு ஊசித்துளையையும் வெளி வளையத்தையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். 0 மில்லிவோல்ட்டைச் சுற்றி, பி.எச். 7க்குப் பக்கத்தில் நிலையாக நின்றால் மீட்டர் நலம், பிழை எலக்ட்ரோடில். எண் ஓடிக்கொண்டே இருந்தால் மீட்டரைச் சர்வீசுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

## அறிகுறி 6: தானியங்கி டைட்ரேட்டரும் கையும் ஒத்துப்போகவில்லை

மெனுவில் டைட்டர் மதிப்பை (காஸ்டிக்கின் உண்மையான பலத்தைச் சொல்லும் எண்) பாருங்கள். போன பாட்டிலின் எண் அப்படியே கிடக்கும். அடுத்து பியூரெட் அளவு: 10 மி.லி. சிலிண்டரை மாட்டி, அமைப்பில் 20 என்றிருந்தால் முடிவு சரியாக இரண்டு மடங்கு, அதனால் இது உடனே பிடிபடும்.

பிடிபடாதது குழாயில் காற்று. இரண்டு மூன்று முறை ரின்ஸ் ஓட்டி, குழாயை விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். டோசிங் நுனி இரவெல்லாம் தண்ணீரில் நின்றிருந்தால் முதல் ரீடிங்கை எறிந்துவிடுங்கள். நுனியிலுள்ள காஸ்டிக் வெளியே கரைந்து போயிருக்கும். பிறகு கண்ணாடிப் பியூரெட்டுக்குச் செய்த அதே எடைச் சோதனை: 10 மி.லி. டோஸ் செய்து, 27°செ.யில் 9.955 கிராம் வருகிறதா பாருங்கள். குறைவாக வந்து, பிஸ்டனின் பின்புறம் ஈரமாகவோ வெள்ளைப் பொடி படிந்தோ இருந்தால் சீல் போய்விட்டது. சீல் மாற்றுவது நீங்களே செய்யலாம். வால்வு, மோட்டார் என்றால் கம்பெனி இன்ஜினியர்தான்.

## கூப்பிடும்போது

பியூரெட், பிப்பெட் சான்றிதழ் வேண்டுமென்றால் என்.ஏ.பி.எல். (லேப்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த லேபுக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் அவர்களது அங்கீகாரம் கண்ணாடிக் கருவிகளின் கொள்ளளவுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். சிலருக்கு எடையும் வெப்பமும் மட்டுமே இருக்கும். பியூரெட்டுக்கு எந்தெந்தக் கோட்டில் அளக்க வேண்டுமென்று நீங்களே குறித்துக்கொடுங்கள். 6, 7 மி.லி. பகுதியில்தான் உங்கள் வேலை என்றால் 10க்குக் கீழே ஒரு புள்ளியாவது இருக்கட்டும்.

தராசு, மீட்டர், டைட்ரேட்டர் சர்வீசுக்கு ஆள் வரும்போது, அவர் எதையும் திருகுவதற்கு முன் இருந்த ரீடிங்கை முதலில் எழுதி வாங்குங்கள். சரிசெய்த பிறகு உள்ள எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், போன மாதம் அனுப்பிய முடிவுகளில் எத்தனை சதம் திருத்த வேண்டும் என்று கணக்கிட உங்களிடம் ஒன்றுமே இருக்காது.